மூட்டுவலித் தைலம் பூசிய இடத்தில் கொப்புளங்கள்: ‘நஞ்சு வெளியேறுகிறது’ என்று சொல்வதை நம்பலாமா?

காசிமேட்டு மகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காசிமேட்டில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு அறுபது வயது கடந்துவிட்டது. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து விற்பவர். நாள் முழுவதும் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் கை ஊறுவதால் விரல் இடுக்குகளில் எப்போதும் வெடிப்பு இருக்கும். சில ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் வலி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதால் வலி மாத்திரைகளை அடிக்கடி போட்டுக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு அத்தை சொன்ன ஒரு வைத்தியரிடம் தைலம் வாங்கி வந்தோம்.

கரும்பழுப்பு நிறத் தைலம்; பழைய கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார். புட்டியின் மேல் மருந்தின் பெயரும் இல்லை, அதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற விவரமும் இல்லை. இரவில் முழங்காலில் நன்றாகத் தேய்த்து, எருக்கிலையை வாட்டி மேலே வைத்துத் துணியால் இறுகக் கட்டச் சொன்னார். முதல் வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. வலிகூடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் அம்மா. அடுத்த வாரத்தில் அரிப்பு தொடங்கியது. பிறகு தோல் சிவந்து தடித்து, நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பின. தைலம் வழிந்தோடிய வழியெல்லாம் கணுக்கால்வரை கோடுகோடாகக் கறுத்திருக்கிறது. இப்போது தைலமே பூசாத கண் இமைகளும் கழுத்தும் வீங்கி அரிக்கின்றன.

வைத்தியரிடம் சொன்னபோது, உடம்பில் பல நாளாகச் சேர்ந்திருந்த நஞ்சு தோல் வழியாக வெளியேறுவதாகவும், பாதியில் நிறுத்தினால் அது உள்ளேயே தங்கிவிடும் என்றும், ஒரு மண்டலம் முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இலை தழையில் செய்த மருந்து என்ன கெடுதல் செய்துவிடும் என்று அம்மாவும் அதையே நம்புகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவரிடம் எதிர்த்துச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை. இது உண்மையிலேயே நஞ்சு வெளியேறுவதுதானா, ஒவ்வாமையா? தைலத்தை உடனே நிறுத்தலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பெரம்பூர் சித்த மருத்துவர் எழுதுகிறார்:

தம்பி, இதைப் படித்தவுடன் தைலத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதால் எதுவும் உள்ளே தங்கிவிடாது. எருக்கிலைக் கட்டையும் அவிழ்த்துவிட்டு, காலையும் கைகளையும், குறிப்பாக நகக் கண்களை, சாதாரண சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். கட்டிய துணி, தலையணை உறை, போர்வை, இரவில் உடுத்திய சேலை எல்லாவற்றையும் தனியாகத் துவைத்துவிடுங்கள். கொப்புளங்களை உடைக்க வேண்டாம். மஞ்சள், வேப்பிலை, வேப்பெண்ணெய் என்று வேறு எதையும் அதன் மேல் பூச வேண்டாம்; சிவந்து புண்ணான தோல் எதைப் போட்டாலும் எரியும். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து நிமிடம் போர்த்தி எடுத்தால் அரிப்பு தணியும். நாளைக் காலையிலேயே தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் கறுத்த கோடுகளும் நீர்க் கொப்புளங்களும் எனக்குச் சேராங்கொட்டையை நினைவூட்டுகின்றன. தைலத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், வாதத்துக்கும் மூட்டு நோய்க்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மருந்துச் சரக்கு அது. அதன் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் கறுத்துப் புண்ணாகும். இந்த எண்ணெய் துணியில் ஏறினால் எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது என்பதால்தான் சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு துணியில் குறிபோட இதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குறி உரசிய இடத்தில், கழுத்துப் பட்டையிலும் இடுப்பிலும், புண் வந்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் இந்தப் புண் காணப்பட்டு, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. துணியில் இட்ட ஒரு புள்ளியே அவ்வளவு செய்யுமானால், முழங்கால் முழுக்கத் தேய்த்துக் கட்டி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சித்த மருத்துவத்தில் பக்கவிளைவே கிடையாது என்று பேசுகிறவர்கள் நம் மருத்துவ முறையை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு அதற்குத் தீங்குதான் செய்கிறார்கள். சேராங்கொட்டையை மூக்கு நீக்கி, சுத்தி செய்த (நச்சுத்தன்மையைக் குறைத்த) பிறகே மருந்தில் சேர்க்க வேண்டும் என்று விதித்தது இந்த மருத்துவம்தான். ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி முறை, அளவு, எதோடு சேர்த்து உண்பது என்னும் அனுபானம், பத்தியம், மருந்து மிஞ்சினால் அதை முறிக்கும் மாற்று மருந்து என்று இத்தனை கட்டுப்பாடுகளை வகுத்தவர்கள், மருந்து தீங்கு செய்யக்கூடும் என்பதை அறியாமலா வகுத்தார்கள்? கழிச்சல், வாந்தி, மூக்கில் மருந்து விடும் நசியம் என்று உடலைச் சுத்தம் செய்யும் சிகிச்சைகள் நம்மிடம் உண்டு. அவற்றை யாருக்குச் செய்யலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. மூட்டுவலிக்குப் பூசிய தைலத்தால் கண் இமை வீங்குவது அந்த வரையறை எதிலும் அடங்காது. கொடிவேலி வேரை அரைத்துக் கட்டி வேண்டுமென்றே கொப்புளம் எழுப்பும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது உண்மை. அந்தக் கொப்புளம் வேரிலுள்ள காரத்தால் தோல் வெந்து வருவது. உள்ளிருந்து எதுவும் அதன் வழியே வெளியே வருவதில்லை. சர்க்கரை நோயாளியின் காலில் அப்படிச் செய்யத் துணிவது எந்த முறையிலும் நியாயம் ஆகாது.

வாட்டிய எருக்கிலையும் குற்றமற்றதன்று. எருக்கம்பால் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கும். வாட்டினாலும் காம்பில் பால் மிச்சம் இருக்கக்கூடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே வைத்தியர் உள்ளுக்குச் சாப்பிட லேகியமோ சூரணமோ கொடுத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். சேராங்கொட்டை பூசித் தோல் ஒவ்வாமை கண்டவர் அதையே உள்ளுக்குச் சாப்பிட்டால் உடல் முழுவதும் தடிப்பு கிளம்பலாம்.

ராசப்ப செட்டி தெருக்காரர் எழுதுகிறார்:

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக நாட்டு மருந்து வியாபாரத்தில் இருக்கிறது. சேராங்கொட்டை மூட்டையைப் பிரிக்கும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் எங்கள் கடையில் யாரும் தொடமாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லித் தருவதே அதைத்தான். சிலருக்குக் கிட்டே நின்றாலே முகம் வீங்கும் என்று அவர்களை அந்தப் பக்கமே விடுவதில்லை.

சரக்கு விற்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தயாரித்த தைலமோ லேகியமோ வாங்கும்போது சீட்டு ஒட்டிய புட்டியாகவே வாங்குங்கள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் விற்பனைக்கு வரும் சித்த மருந்துகளில் சேர்ந்த சரக்குகளின் பெயர்கள், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். சட்டத்தில் நச்சுச் சரக்குகளுக்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது. சேராங்கொட்டை அதில் ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளின் மேல், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். வைத்தியர் தம்மிடம் வரும் நோயாளிக்கென்று தாமே செய்து கொடுக்கும் மருந்தில் இவ்வளவும் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் என்னென்ன சேர்த்தார் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. எழுதித் தர மறுப்பவரிடம் மருந்து வாங்காமல் இருப்பது நல்லது.

வண்ணாரப்பேட்டை தோல் மருத்துவர் எழுதுகிறார்:

சித்த மருத்துவர் சொன்ன முதலுதவி முற்றிலும் சரி. அதோடு சில விளக்கங்களைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா நம்பும்படி நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் தைலத்தின்மேல் சந்தேகம் வராமல் போயிருக்கிறது. தோலில் வரும் எரிச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காரமான பொருள் பட்டு நேரடியாக வெந்துபோவது. அது பட்ட இடத்தில் மட்டும், பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் யாருக்கும் வரலாம். பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டி வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களிடம் நாங்கள் பார்ப்பது இதை. மற்றொன்று ஒவ்வாமை. ஒரு பொருள் முதன்முறையாகத் தோலுக்குள் நுழையும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்வதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். அந்த நினைவு உண்டான பிறகு அதே பொருள் மீண்டும் படும்போது, ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் தடிப்பும் கொப்புளமும் தோன்றும். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது வாரத்தில் வந்தது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. நஞ்சு வெளியேறுவதாக இருந்தால் மருந்தைத் தொடரத் தொடரக் குறைய வேண்டும். ஒவ்வாமையில் தொடரத் தொடரப் பெருகும். இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கண் இமைக்கும் கழுத்துக்கும் அது எப்படிப் போனது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தைலம் தேய்த்த விரல்கள் இரவில் முகத்தைத் தொட்டிருக்கும், தலையணையிலும் ஏறியிருக்கும். முழங்காலில் தாங்குகிற அளவை இமையின் மெல்லிய தோல் தாங்காது. கொப்புளத்து நீர் பட்டால் பரவும் என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த நீரில் மருந்து இல்லை, அதனால் பரவாது, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றாது. ஐஸிலும் உப்பிலும் ஊறி வெடித்த கைகளால் தைலம் தேய்த்ததும், அதை இலை வைத்து இறுகக் கட்டியதும் மருந்து உள்ளே ஊடுருவுவதை அதிகமாக்கியிருக்கும். அம்மாவின் கைகளையும் மருத்துவரிடம் காட்ட மறக்காதீர்கள். பெரும்பாலும் காலை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.

சர்க்கரை நோய் இருப்பதால் நீங்கள் தாமதிக்கக் கூடாது. உடைந்த கொப்புளத்தில் சீழ் பிடித்தால் காலில் ஆறுவது கடினம். இந்த அளவு பரவிய ஒவ்வாமைக்குச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படலாம். அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் மருத்துவர் அளவு பார்த்துத் தர வேண்டும், வீட்டிலும் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் அரிப்பு என்று சொல்லி வாங்கும், ஸ்டீராய்டு சேர்ந்த கலவைக் களிம்புகள் வேண்டவே வேண்டாம். அதேபோல, பெயரில்லாத சில ‘மூலிகைக் களிம்புகள்’ பூசிய மறுநாளே அரிப்பை மாயமாக நிறுத்துவதற்குக் காரணம், அவற்றில் சொல்லாமல் கலந்த ஸ்டீராய்டு என்பது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் வெளிப்பட்டிருக்கிறது. விட்டவுடன் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்.

மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், தலைசுற்றல், காய்ச்சலோடு வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண், தோல் தாளாக உரிவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். இத்தகைய கடும் விளைவுகள் பூசும் மருந்தைவிட உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் அதிகம், அது எந்த மருத்துவ முறையைச் சேர்ந்த மருந்தாக இருந்தாலும்.

ஒரு கேள்வி. அம்மாவுக்கு இதற்கு முன் மாங்காய்ப் பால் பட்டோ, மாம்பழத்தைத் தோலோடு கடித்தோ வாயோரம் புண்ணானது உண்டா? முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் வேலை செய்திருக்கிறாரா? மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஒன்றின் பாலில் ஒவ்வாமை இருப்பவருக்கு மற்றவற்றிலும் வரக்கூடும்.

காசிமேட்டு மகன்:

ஐயாவுக்கும் டாக்டர் அம்மாவுக்கும் கடைக்கார அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. தைலத்தை நிறுத்தி, துணிகளைத் துவைத்து, அரசு மருத்துவமனை தோல் பிரிவில் காட்டிவிட்டோம். ஒவ்வாமைதான் என்று சொல்லி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். இமை வீக்கம் வடிந்துவிட்டது. கால் மெதுவாக ஆறுகிறது.

வைத்தியரிடம் மறுபடியும் போய்ப் பொறுமையாகக் கேட்டேன். சேராங்கொட்டையும் கொடிவேலி வேரும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சியதாகச் சொன்னார். மாங்காயைப் பற்றிக் கேட்டவுடன் அம்மாவுக்கே வியப்பு. சின்ன வயதில் ஊரில் மாங்காய் பறித்தபோதெல்லாம் கன்னத்தில் புண் வரும், அதனால் இன்றும் தோலைச் சீவித்தான் சாப்பிடுவேன் என்றார். அதற்குப் பிறகுதான் மருந்தை நிறுத்தியது சரி என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. இனி எந்த மூலிகைத் தைலமும் அம்மாவுக்கு ஆகாதா? இப்படி நடந்ததை எங்காவது தெரிவிக்க வேண்டுமா? வைத்தியர் வயதானவர், அவருக்குத் தொல்லை கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் அதே தைலத்தை எங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து பேர் வாங்குகிறார்கள்.

வண்ணாரப்பேட்டை தோல் மருத்துவர்:

மூலிகை எல்லாமே ஆகாது என்று சொல்ல முடியாது. எந்தப் பொருள் ஆகாது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதற்குப் பேட்ச் டெஸ்ட் என்னும் ஒட்டுச் சோதனை உண்டு. சந்தேகப்படும் பொருள்களைத் தக்கபடி நீர்க்கச் செய்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். தாமதமாக வெளிப்படும் ஒவ்வாமையைத் தவறவிடாமல் இருக்க 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். இடையில் முதுகை நனைக்கக் கூடாது. தோல் முழுவதும் ஆறி, ஸ்டீராய்டு மாத்திரையும் நிறுத்திச் சில வாரம் ஆன பிறகு செய்தால்தான் முடிவு நம்பத் தகுந்ததாக இருக்கும். நல்லெண்ணெயையும் சோதிக்கச் சொல்லுங்கள். அபூர்வம்தான் என்றாலும் அதற்கும் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. சேராங்கொட்டை எண்ணெயை நீர்க்கச் செய்யாமல் வீட்டில் யாரும் கையில் தொட்டுச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பிற்காலத்தில் சரக்குகளின் பட்டியல் தெரிந்த, காரமில்லாத தைலம் ஒன்றை மருத்துவர் பரிந்துரைத்தால், முழங்கை மடிப்புக்குக் கீழே உள்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்த்து, எதுவும் வராவிட்டால் பயன்படுத்தலாம். ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்வது போதாது. கார்போகரிசி என்னும் மூலிகை விதை சேர்ந்த தைலமாக இருந்தால் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காரக் கூடாது. வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். வெயிலில் மீன் விற்பவருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் சித்த மருத்துவர்:

தெரிவிக்க வேண்டும், தம்பி. அவசியம் தெரிவிக்க வேண்டும். ஆயுஷ் மருந்துகளால் ஏற்படும் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்வதற்கென்று 2018ஆம் ஆண்டிலிருந்து ஒரு கண்காணிப்புத் திட்டம் நடந்துவருகிறது. புது தில்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் ஒருங்கிணைப்பு மையம். சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை அணுகலாம். மருத்துவர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை, நோயாளியோ அவர் வீட்டாரோ தெரிவிக்கலாம். இது போலீசில் கொடுக்கும் புகார் போன்றதன்று. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், என்ன விளைவு, உடன் வேறென்ன மருந்து சாப்பிட்டார் என்பவற்றைத்தான் கேட்பார்கள். இத்தகைய பதிவுகள் சேராத வரையில், நம் மருந்துகளில் எது யாருக்கு ஆகாது என்பதை நாங்களும் செவிவழியாகத்தான் அறிந்துகொண்டிருப்போம்.

அந்த வைத்தியரிடம் நீங்கள் பகை பாராட்டாமல் பேசியதும் நல்லது. முடிந்தால் இன்னொரு முறை போய், தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, தைலம் கொடுக்கும் முன் மாங்காய்ப் பாலில் புண் வருமா, சர்க்கரை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையாவது எல்லோரிடமும் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் அதை வாங்கியவர்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

புட்டியில் மீதமுள்ள தைலத்தை ஊற்றிவிட வேண்டாம். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பேரப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, ஒட்டுச் சோதனைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.